அந்த (எ) உனக்கு வேண்டாம்

டேய் தினேஷ், நான் அன்றைக்கே சொன்னேன். உங்கம்மாவைக் கேள், எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கேள், நம் சந்து முனையில் படுத்திருக்கிற செவலை நாய்க்குப் பேச வந்தால் அதையும் கேள். "இந்தப் பையனை ஒருநாள் கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்துவானுங்க, அதுவும் அவன் செய்யாத காரியத்துக்கு நிறுத்துவானுங்க" என்று வார்த்தை பிசகாமல் சொன்னேன். கிழமைகூடச் சொன்னேன், திங்கள் என்று. உங்கம்மா இப்போது, "நீ எங்கய்யா சொன்ன? அன்னிக்கு நீ சுண்டல் துன்னுக்கினு டிவி பாத்துக்கினு இருந்த" என்கிறாள். அழுது அழுது அவளுக்கு ஞாபகம் கலங்கிவிட்டது. எட்டாவதோடு நின்றவன்தான் நான், ஆனால் நான் சொல்லி நடக்காமல் போனது இந்த மயிலாப்பூரில் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை உன் அத்தை கே.கே. நகரிலிருந்து போன் செய்து அழுதாள். நீ அவள் வீட்டில்தான் இருக்கிறாயாம், சாப்பிடுவதில்லையாம், செல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். திங்கட்கிழமை காலையில் ஒரு வக்கீல் வண்டி அனுப்புவாராம். நீ அதில் ஏறி ஏதோ ஒரு வெளியூர் கோர்ட்டுக்குப் போய், அடையாறு பாலத்தண்டை அந்த லோடு வண்டி டிரைவரை வெட்டியது நான்தான் என்று சரண்டர் ஆவாயாம். வெட்டினது யார்? கொலுசு சேகரின் அக்கா மகன். வெட்டுப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் பிழைத்தால் கொலை முயற்சி, பிழைக்காவிட்டால் கொலை. அதைத் தூக்கி உன் தலையில் வைக்கிறார்கள், நீயும் தலையைக் குனிந்து காட்டுகிறாய். நான் போன் போட்டால் கட் பண்ணுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் அத்தை இதை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். முழுக்கப் படிக்காமல் எழுந்தாயானால் அவளே உன்னை அறைவாள், நான் அனுமதி கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆளை வெட்டிய நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? சொல்லு பார்ப்போம். தி. நகரில் அந்தப் பாத்திரக்கடை வாசலில், ஆடித் தள்ளுபடி பேனருக்காக நான் ஏணிமேல் நிற்க, நீ கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "நைனா, சோத்தாங்கை பக்கம் எறங்கிக்கீது, தூக்கு" என்று கத்தினாய். நானும் தூக்கினேன். பிறகு வியர்க்க வியர்க்க ரெண்டு பேரும் கரும்பு ஜூஸ் குடித்தோம். எனக்கு ஏணி பிடித்த அந்தக் கையால்தான் பட்டாக்கத்தி பிடித்தேன் என்று ஜட்ஜ் எதிரில் சொல்லப் போகிறாய். வாய் கூசாதா உனக்கு? உன் கூட நின்ற என்னையும் சேர்த்துத்தானே பொய்யனாக்குகிறாய்? என்னைப் பொய்யன் என்று சொல்ல இந்த ஊரில் எவனுக்கும் தைரியம் கிடையாது, பெற்ற பிள்ளைக்கு வந்திருக்கிறது.

கொலுசு சேகர், கொலுசு சேகர் என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்வாயே, அவனுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று என்றைக்காவது கேட்டாயா? ஏதோ பெரிய சண்டையில் எவன் காலையோ வெட்டிக் கொலுசை எடுத்துவந்தான் என்று உங்கள் கூட்டம் கதை கட்டி வைத்திருக்கிறது. எனக்குத் தெரியும்டா. கபாலி கோயில் அறுபத்துமூவர் கூட்டத்தில், அம்மா இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் காலிலிருந்து கொலுசைக் கழற்றினவன் அவன். குழந்தை முழித்து வீல் என்று கத்தியது, மோர்ப்பந்தல்காரர்கள் பிடித்து வைத்து மொத்தினார்கள். நான்தான் பிடித்தேன். சரியாகச் சொன்னால், முதலில் காலரைப் பிடித்தது நான். அவன் அழுத அழுகையில் மோரே உப்புக்கரித்தது. இன்றைக்கும் நாய் குரைத்தால் வண்டியை விட்டு இறங்க மாட்டான். அவன் உனக்கு அண்ணன்! ஏரியாவைக் காப்பாற்றுகிற சிங்கம்!

உனக்கு முதல் அடி எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ பத்தாவது படிக்கும்போது தீபாவளித் துணி எடுக்கப் போனோமே, தி. நகரில் அந்த ஏழு மாடிக் கடை. உள்ளே நுழைந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு அந்த செக்யூரிட்டி உன் பையை மட்டும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். நீ போட்டிருந்த சட்டை, உன் நிறம், உன் தலைமுடி, அவனுக்கு அது போதும். நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன செய்தேன்? "பாத்துக்கோங்க சார், நம்ம பையன்தான்" என்று இளித்தேன். வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம், அந்த செக்யூரிட்டியை நாலு வார்த்தை கேட்டேன், மேனேஜர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார் என்று சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம்தான் நீ பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்க ஆரம்பித்தாய். அங்கே ஒருவன் உன் தோளில் கை போட்டு, "இன்னா மச்சி, எவனாவது உன்னை மொறைச்சா அண்ணன்கிட்ட சொல்லு" என்றான். பிரியாணி வாங்கித் தந்தான். நான் இளித்த இடத்தில் அவன் முறைத்தான். உனக்கு அது போதுமாக இருந்தது. இதில் எனக்கு உன்மேல் கோபம் இல்லை. என்மேலும் அந்த செக்யூரிட்டிமேலும் இருக்கிற கோபம் எனக்குப் போதும்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரில் பேனரில் நடந்தது. இந்த ஊரில் யார் பிறந்தாலும், வயசுக்கு வந்தாலும், கல்யாணம் கட்டினாலும், செத்தாலும் அந்த முகம் என் கடைக்கு வந்துதான் போக வேண்டும். நான் கட்டின பேனர் ஒன்று புயலில் பறந்து அடையாறு வரைக்கும் போய், அங்கேயும் நேராகவே நின்றது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பேனரில் ஒரு ஆளின் முகம் எங்கே இருக்கிறது என்பதை வைத்து அவன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். முதலில் அடி வரிசையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருப்பான், பொடி எழுத்தில் பேர், முகம் தெரியாது. அடுத்த வருஷம் வட்டம் கொஞ்சம் பெரிசாகும். அதற்கடுத்து வட்டம் போய் இடுப்பு வரைக்கும் நிற்பான், கறுப்புக் கண்ணாடி, கையில் செல்போன். அதற்கப்புறம் அண்ணனுக்குப் பக்கத்தில் முழு ஆளாக நடந்து வருவான். அதோடு அவன் கதை முடிந்தது. ஒன்று கையில் மாவுக்கட்டோடு பேப்பரில் வருவான். போலீஸைப் பார்த்து ஓடும்போது வழுக்கி விழுந்தான் என்று அதில் போட்டிருக்கும். இல்லையென்றால் அடுத்த பேனரில் தனியாக வருவான், மாலையோடு.

கால்வாய்க்கரை மணியை உனக்குத் தெரியும். உன்னோடு கேரம் ஆடினவன். அவன் பிறந்த நாளுக்கு நான்தான் பேனர் போட்டேன், கறுப்புக் கண்ணாடி போட்டு பைக்மேல் சாய்ந்து நிற்கிற போட்டோ. கொஞ்ச நாளில் அதே போட்டோவை அவன் கூட்டாளிகள் கண்ணீர் அஞ்சலிக்குக் கொண்டுவந்தார்கள். பைக்கை அழித்துவிட்டுப் பின்னால் வானமும் மேகமும் வைக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் வேலையைப் பாதி முடித்திருந்தேன், அவன் அம்மா கடைப்படியில் வந்து நின்றாள். "ண்ணா, அந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டிட்டுப் போடுண்ணா. எம்புள்ள கண்ண நான் பாக்கணும்" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் படத்தில் கண் கிடையாதும்மா, வெறும் கறுப்புதான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? வேற போட்டோ இருந்தால் கொடும்மா என்றேன். தன் செல்லை என் கையில் கொடுத்தாள். தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், அத்தனையிலும் கண்ணாடி. "இந்த ரெண்டு வருசமா இதப் போடாம போட்டோவே புடிக்க மாட்டாண்ணா" என்றாள். கடைசியில் கண்ணாடியோடுதான் அடித்தேன். தினேஷ், நான் சொல்கிற கதையில் கொஞ்சம் உப்புக் காரம் சேரும் என்று நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். இதில் ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. அவன் அம்மா இப்போதும் நொச்சிக்குப்பம் ரோட்டு ஓரத்தில் மீன் விற்கிறாள், போய்க் கேள்.

இவ்வளவும் தெரிந்த நான், கொலுசு சேகர் பிறந்த நாள் பேனருக்கு உன் போட்டோ வாட்ஸப்பில் வந்தபோது என்ன செய்திருக்க வேண்டும்? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உன்னை இழுத்துப்போட்டு உதைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் முகத்தில் இருந்த பருவை எடுத்தேன். கொஞ்சம் வெளுப்பாக்கினேன். மீசையை அடர்த்தியாக்கினேன். நீ அடி வரிசையில்தான் இருந்தாய், ஆனாலும் பக்கத்தில் இருந்தவனுங்களைவிட உன் வட்டத்தைக் கொஞ்சம், ஒரு விரல்கடை, பெரிசாக வைத்தேன். பெத்தவன் கை, தானாகப் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு எதிர்க் கூட்டத்தில், யார்றா இவன், புதுசா ஒருத்தன், பெரிய வட்டத்துல வர்றான் என்று விசாரித்தார்களாம். அதற்கப்புறம்தான் நீ, வெளியிலிருந்து எவன் கத்தி வருமோ என்று, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்காருவதை விட்டாய்.

அந்த பேனரில்தான் உனக்கு அந்தப் பேரும் வந்தது. உனக்குத் தெரிந்த கதைதான், நானே ஊர் முழுக்கச் சொன்ன கதைதான். கொலுசு சேகரே எனக்குப் போன் போட்டான், "இன்னா தல, உன் புள்ள பேருக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாம கீது, இடின்னு போடு, நான் வெக்கிறேன் அவனுக்குப் பேரு" என்றான். நானும் போட்டேன். இடி தினேஷ். நீ அன்றைக்குக் கடைக்கு வந்து அந்த பேனருக்கு எதிரில் நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. பத்தாவது பாஸ் ஆனபோதுகூட நீ அப்படி நிற்கவில்லை. "அண்ணனே வெச்சாராப்பா?" என்று ரெண்டு தரம் கேட்டாய்.

பிறகு அந்தப் பிறந்த நாளில் நீங்கள் எல்லாரும் நடுரோட்டில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி அதை வீடியோ எடுத்துப் போட்டீர்களே, மறுநாளே ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்தது. அவர்கள் தேடவே இல்லையடா. எங்கேயும் அலையவில்லை. நான் கட்டின பேனரை செல்லில் போட்டோ எடுத்துக்கொண்டு, வட்டத்துக்கு ஒரு ஆளாகக் கூப்பிட்டார்கள். உன்னை அழைத்துவர நான் போனேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார், என் வேலைக்கு அவ்வளவு மரியாதை. பிறகு ஒரு பேப்பரைப் படித்தார். தினேஷ், அதற்கப்புறம் அடைப்புக்குறிக்குள் ஒரு எ, அதற்கப்புறம் இடி தினேஷ். அந்த எ என்றால் என்கிற என்று அர்த்தம். பேப்பரில் நாம் தினமும் பார்ப்பதுதான், குமார் (எ) இன்னது குமார், ரவி (எ) இன்னது ரவி. டாக்டருக்கு அந்த எ கிடையாது, வாத்தியாருக்குக் கிடையாது, பேனர் கட்டுகிற எனக்குக் கிடையாது. ஸ்டேஷன் நோட்டில் ஏறுகிறவனுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். பெத்தவங்க வைத்த பேருக்கும் கூட்டம் வைத்த பேருக்கும் நடுவில் நிற்கிற ஒரு எழுத்து அது. நகரவே நகராது.

பெருங்குடியில் அந்தக் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிற வேலை உனக்குக் கிடைத்ததா இல்லையா? லைசென்ஸ் சரி, கண் டெஸ்ட் சரி, நீ ஓட்டுகிற ஓட்டு அவர்களுக்கும் பிடித்துவிட்டது. போலீஸ் சர்ட்டிஃபிகேட் ஒன்று கேட்டார்கள், அவ்வளவுதான். அந்த எ உனக்கு முன்னாடி போய் அங்கே உட்கார்ந்திருந்தது. நீ வீட்டுக்கு வந்து, "அந்த வேலையெல்லாம் எவன் செய்வான், பொண்ணுங்கள ஏத்தி எறக்கிக்கினு" என்றாய். ஆனால் ரெண்டு நாள் அந்த இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? அந்த எ ஒரு கேக்குக்குக் கிடைத்தது. இப்போது நீ வாங்கப் போவது கொலைக் கேஸ். அந்த வக்கீல் உனக்கு என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் பெயில், வெளியே வந்தால் மாலை, பட்டாசு, ஏரியாவே உன்னுது. வெளியே வந்தவனுங்களை நான் பார்த்திருக்கிறேன் தினேஷ். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எவன் எந்தப் பக்கமிருந்து வருவானோ என்று முதுகைச் சுவரில் வைத்தபடி டீ குடிக்கிறவனுங்களை. அவர்கள் யாருக்கும் ஏரியா இல்லை. நிற்பதற்கு ஒரு சுவர்தான் இருக்கிறது.

புதன்கிழமை ஒரே ஒரு தரம் போனை எடுத்தாயே, அப்போது நான் கேட்டேன், "அவன் அக்கா மவன் செஞ்சதுக்கு அவன் அக்கா மவன் போகட்டும், நீ ஏண்டா போற?" நீ சொன்ன பதில் என் காதிலேயே இருக்கிறது. "உனக்குப் புரியாதுபா. எனக்குன்னு ஒரு பேரு கீது. அண்ணன் வெச்ச பேரு. பெத்த புள்ளைக்குகூட அவரு பேரு வெக்கல, எனக்கு வெச்சாரு. அந்தப் பேருக்கு நான் நின்னு காட்டணும்." நான் போனை வைத்தேன். உங்கம்மா, "இன்னா சொன்னான்யா?" என்று கேட்டாள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்பதையும் கேட்டுக்கொள். ஒளித்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. பாத்திரக்கடை முதலாளியிடம் பேசிவிட்டேன். திருநெல்வேலிக்காரர், கறாரான மனுஷன், ஆனால் நியாயஸ்தர். வாசல் கேமராவில் நீ ஏணி பிடித்து நிற்பது மணியோடு பதிவாகியிருக்கிறது. "பையன் ரொம்ப நேரமா அசையாம நிக்கானே, நல்ல பையம்லா" என்றார் அதைப் பார்த்துவிட்டு. நல்ல பையன் என்று ஒரு வெளியாள் உன்னைச் சொல்லி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நானே ஸ்டேஷனுக்குப் போவேன். நீ அந்த வண்டியில் ஏறினாலும் போவேன், ஏறாவிட்டாலும் போவேன். கொலுசு சேகர் கடையை உடைப்பான் என்கிறாள் உங்கம்மா. உடைக்கட்டும். கடைக்கு இன்னொரு ஷட்டர் வாங்கிக்கொள்கிறேன், உனக்குப் பதிலாக இன்னொரு ஆளை நான் எங்கே போய் வாங்குவேன்? நாளைக்குக் காலையில் நான் அத்தை வீட்டுக்கு வருகிறேன். நீ அங்கே இருக்க வேண்டும். திட்டுவேன், வாங்கிக்கொள். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் ஒன்று. மேலே எழுதினதை அடித்துவிட்டுத் திருத்தலாம் என்று பார்த்தேன், அடித்தால் நீ அடியில் என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். அதனால் இங்கேயே சொல்கிறேன். எனக்கு எந்தப் போனும் வரவில்லை. கொலுசு சேகர் உனக்குப் பேர் வைக்கவில்லை. அந்த வரிசையில் எல்லார் படத்துக்கும் கீழே ரெண்டு வரி இருந்தது, உன் படத்துக்குக் கீழே தினேஷ் என்று ஒரே வரி, பல் விழுந்த மாதிரி இடம் காலியாக இருந்தது. லே-அவுட் இடிக்கிறதே, இடிக்கிறதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். பிறகு அந்த இடியையே உன் பேருக்கு மேலே போட்டுவிட்டேன். நீ வந்து அண்ணனே வெச்சாரா என்று அந்த முகத்தோடு கேட்டபோது, ஆமாம் என்று வந்துவிட்டது என் வாயில். அப்புறம் போன் வந்தது, தல என்று கூப்பிட்டான் என்றெல்லாம் தானாக வளர்ந்துவிட்டது. அவனும் ஓசியில் வந்த பெருமையை ஏன் விடுவான், தான் வைத்த மாதிரியே பேசிக்கொண்டான். ஆனால் பிறந்த நாள் அன்றைக்குக் காலையில், நான் பேனரைக் கட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கியபோது, அவன் என் பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தான். உன் வட்டத்தைக் காட்டி என்னிடமே கேட்டான்:

"ஆமா, யாருபா அது இடி? நம்மாளா?"